வலது ஓரக் குழாய்

ஏப்ரல் 9, செவ்வாய்

கண்ணாடி ஜாடி இன்று உடைந்தது. சாப்பாட்டு மேசையை யாரோ நான்கு விரல் அளவு நகர்த்தி வைத்திருக்கிறார்கள். ஒரு பொருள் வைத்த இடத்தில் இருந்தால் எதுவும் உடையாது. நிருவிடம் சொன்னேன். "நாங்க தொடவே இல்ல ஆன்ட்டி" என்றாள். ஆறு வயதில் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லி, சில்லுகளைப் பொறுக்க அவளை நிறுத்திக்கொண்டேன். அவள் விரலால் காட்டக் காட்ட நான் எடுத்தேன். குழந்தைகளுக்குப் பொறுப்பு இப்படித்தான் வரும்.

மாலையில் அவள் அம்மா, மாடி வீட்டு சுகந்தி, வங்கியிலிருந்து திரும்பியதும் கீழே வந்தாள்.

"வெயில் தாங்கல ஆன்ட்டி. கேன் தண்ணி வெந்நீராட்டம் இருக்கு. இனியன் குடிக்கவே மாட்டேங்கிறான். ஒரு வாட்டர் கூலர் வாடகைக்கு எடுத்து உங்க ஹால்ல வச்சிடட்டுமா? பசங்க பூரா நேரமும் இங்கதான இருக்காங்க."

என் கூடத்தில் பிறர் பொருள் நிற்காது என்றேன். வேண்டுமானால் நானே என் பெயரில் எடுக்கிறேன்.

"உங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி சிரமம்" என்றாள். பிறகு, கொலுசை முடுக்குவதுபோல் குனிந்துகொண்டு, "பாங்க் பக்கத்துல ஒரு டே கேர் திறந்திருக்காங்க. கேமரா எல்லாம் இருக்காம். லீவு முடியிற வரைக்கும் அங்க விடலாமான்னு இவர் கேக்கறார்" என்றாள்.

"இவர்" ஓசூரில் வேலை பார்க்கிறார். வாரம் ஒரு நாள் வந்துபோகிறவருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. இங்கே குழந்தைகளுக்கு என்ன குறை என்று மட்டும் கேட்டேன். குறையே இல்லை என்றாள்.

சென்ற ஜூனிலிருந்து காலை ஒன்பது முதல் மாலை ஐந்தரை வரை நிருவின் தம்பி இனியன் என்னோடு இருக்கிறான். நிரு பள்ளி விட்டதும் வருவாள். இப்போது விடுமுறை என்பதால் முழு நாளும். நான் பணம் வாங்குவதில்லை. நான் ஆயா அல்ல. இந்த வீட்டு வாசலில் குழந்தைச் செருப்பு கிடப்பது முப்பத்தெட்டு வருடத்தில் இதுதான் முதல்.

நாளையே கூலருக்குத் தொலைபேசி செய்ய வேண்டும்.

ஏப்ரல் 11, வியாழன்

வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனத்தில் ஆங்கிலம் பேசத் தெரியாத ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். மூன்று இடங்களில் திருத்தினேன். படிவம் ஆள் மூலம் வந்தது. இப்போதெல்லாம் எறும்பு அளவில்தான் அச்சடிக்கிறார்கள். வாசிப்புப் பயிற்சிக்காக நிருவை உரக்கப் படிக்கச் சொன்னேன். 'இன்ஸ்டலேஷன்' என்ற சொல்லில் தடுக்கினாள்; மற்றபடி மோசமில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

கூலர் வந்துவிட்டது. கொண்டுவந்தவர் பெயர் ராயப்பன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிய பிறகே கேனைத் தூக்கிக் கவிழ்த்தார். இதைச் சொல்லாமலே செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

"உங்களைப் பூசையில பாத்திருக்கேன்மா. முன் பெஞ்சுல உக்காருவீங்க."

சென்ற வருடம் வரை நான் நான்காவது வரிசையில்தான் உட்கார்ந்தேன். முன் வரிசையில் மின்விசிறி இருக்கிறது.

குழாய்களைப் பற்றிக் கேட்டேன். "மூணு இருக்கும்மா. சிவப்பு சுடுதண்ணி, வெள்ளை சாதா, நீலம் ஜில்லு" என்றார். நிறத்தைச் சொல்ல வேண்டாம், வரிசையைச் சொல்லுங்கள் என்றேன். "இடது பக்கம் சுடு, நடுவுல சாதா, வலது ஓரம் ஜில்லு." அதுதான் ஒழுங்கு. எங்கள் கான்வென்டில் சுடுநீர் எப்போதும் இடப்பக்கம்தான். சிஸ்டர் பெனடிக்டா கண்ணைக் கட்டிக்கொண்டுகூடக் குளியலறையில் தவறு செய்ய மாட்டார்.

சுடுநீர்க் குழாயில் ஒரு பூட்டு உண்டு. சிறு பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே பிடியை இழுக்க வேண்டும். கூலரின் முதுகில் சுடுநீருக்குத் தனி சுவிட்ச். அதிகாலையிலும் மாலையிலும் நான் வெந்நீர் குடிப்பது வழக்கம் என்பதால், அதைத் தடவிப் பார்த்து இடம் தெரிந்துகொண்டேன்.

குழந்தைகளுக்குச் சட்டம்: குழாயை அவர்கள் தொடக் கூடாது. தண்ணீர் வேண்டுமென்றால் பாட்டிலை என்னிடம் கொடுக்க வேண்டும். நான்தான் பிடித்துத் தருவேன். சுகந்தி இதைக் கேட்டு மகிழ்ந்தாள். டே கேர் பேச்சை எடுக்கவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

நிருவுக்கு நிறங்கள் சொல்லிக்கொடுக்கிறேன். தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் குழாயில் கை வைத்து, "இது என்ன நிறம்?" என்று கேட்பேன். "நீலம் ஆன்ட்டி" என்பாள். சரி என்று பிடிப்பேன்.

இன்று சலித்துக்கொண்டாள். "எனக்கு எல்.கே.ஜி.லயே கலர் எல்லாம் தெரியும். இனியனைக் கேளுங்க."

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்" என்றேன்.

"நீலம்தான். எப்பவும் நீலம்தான்."

ஏப்ரல் 22, திங்கள்

நூற்றியாறு டிகிரி என்று வானொலி சொன்னது.

ஏப்ரல் 27, சனி

சுகந்தி ஒரு கண் மருத்துவரின் பெயரைச் சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "சும்மா ஒரு செக்கப் ஆன்ட்டி. நான் கூட்டிட்டுப் போறேன்."

ஜனவரியிலேயே பார்த்தாயிற்று, வயதுக்கு நன்றாக இருக்கிறது என்றார்கள் என்றேன்.

ஜனவரியில் பார்த்தது உண்மை. அந்த இளம் மருத்துவர் விழித்திரையின் நடுப்பகுதி என்று ஏதோ படம் வரைந்து காட்டினார். வட்டம்கூடச் சரியாக வரையத் தெரியவில்லை. நடுவில் மை கொட்டியதுபோல் கறுப்பாக்கிவிட்டு, "இனி இது திரும்பாது மேடம், ஓரப் பார்வையை வச்சுப் பழகிக்கணும்" என்றார். இந்தக் காலத்து மருத்துவர்கள் நோயாளியைப் பயமுறுத்தினால்தான் மதிப்பு என்று நினைக்கிறார்கள்.

என் கணவர் விக்டர் இருந்தபோது ஒருமுறை சொன்னார், "நீ இங்கிலீஷ்ல டைரி எழுதினா சிஸ்டர்களுக்காக எழுதுற, ஜெசிந்தா. தமிழ்ல எழுது." அன்றிலிருந்து தமிழில் எழுதுகிறேன். வரி கோணாமல் இருக்க அளவுகோலை அடியில் வைத்துக்கொள்கிறேன். எழுதியதைத் திரும்பப் படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

மே 6, திங்கள்

கூலர் குளிரவில்லை. வாடகைப் பொருள் வாடகைப் பொருள்தான். காலையிலிருந்து மூன்று முறை தொலைபேசி செய்தேன். சுகந்தி போகும்போது, "சரி ஆன்ட்டி, ரெண்டு நாள்தானே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் குரலில் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. டே கேரில் தண்ணீர் குளிராக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கலாம்.

மே 8, புதன்

பத்தரை மணிக்கு ராயப்பன் வந்து பழைய கூலரை எடுத்துக்கொண்டு, அது பழுதுபார்த்து வரும்வரை வேறொன்றை வைத்துவிட்டுப் போனார். இன்று அவர் அதிகம் பேசினார். "அம்மா, இது ஸ்பேர் மெஷின். பழைய மாடல். லாக் கிடையாது. அதனால சுடுதண்ணி சுவிட்சை ஆஃப் பண்ணியிருக்கேன், போட்டுராதீங்க. அப்புறம் இதுல குழாய் வந்து…" என்று இழுத்தார். குழந்தைகள் அந்த நேரம் சோபாவில் குதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியும், போகலாம் என்றேன். "இல்லம்மா, ஒரு தடவை பாத்துக்கிட்டீங்கன்னா" என்று மறுபடி தொடங்கினார். எனக்குக் கண் இருக்கிறது ராயப்பன் என்றேன். போய்விட்டார்.

சுடுநீர் இல்லாமல் நான் என்ன செய்வது? மாலைக்குத் தயாராகட்டும் என்று சுவிட்சைப் போட்டேன். குழந்தைகள் குழாயைத் தொடுவதில்லை; பூட்டு இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன.

மணி பன்னிரண்டே கால். நிரு கிரேயான் எடுக்க மாடிக்குப் போயிருக்கிறாள். எழுத ஐந்து நிமிடம் கிடைத்தது. இனியன் பாட்டிலை நீட்டிக்கொண்டு நிற்கிறான், ஜில் தண்ணீர் வேண்டுமாம். போகிறேன்.

மே 10, வெள்ளி

இனியனுக்கு இடது தொடையில் புண், என் உள்ளங்கை அகலம். மருந்துக் கட்டு போட்டிருக்கிறார்கள். தழும்பு நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்கிறார் மருத்துவர். நேற்று மாலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாடியில் அவன் அழுவது கேட்கிறது.

நடந்ததை முறையாக எழுதுகிறேன்.

நான் வலது ஓரக் குழாயில் பாட்டிலைப் பிடித்தேன். வலது ஓரம் குளிர்நீர். அது இரட்டைச் சுவர் எஃகு பாட்டில். உள்ளே என்ன இருந்தாலும் வெளியே கைக்குத் தெரியாது. மூடியைத் திருகி அவனிடம் கொடுத்தேன். அவன் உட்கார்ந்து, மடியில் வைத்து, மூடியைத் திறந்து கவிழ்த்துக்கொண்டான். அப்போதுதான் நிரு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையிலிருந்த கிரேயான் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடிவந்து, கூலரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

இந்த மாற்று கூலரில் வரிசை தலைகீழாம். வலது ஓரம் சுடுநீர். எந்த மடையன் அப்படிச் செய்வான்?

சுகந்தி மருத்துவமனைக்கு வந்ததும், "எப்படி ஆன்ட்டி?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அந்த ஆள் சுடுநீர் சுவிட்சை அணைக்காமல் போய்விட்டான், பூட்டும் இல்லாத இயந்திரம், குழாய் மாறியிருப்பதைச் சொல்லவும் இல்லை என்றேன்.

அவர் அணைத்ததை நான் பார்க்கவில்லை. இது முழு உண்மை.

மே 11, சனி

நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில், ஒன்றரைப் பக்கம். முப்பத்தோரு வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவளின் கடிதத்துக்கு என்ன பலம் என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். தலைமை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி.

உறையில் போடுமுன் சுகந்தியிடம் காட்டினேன். படித்தாள். நெடுநேரம் படித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க ஆன்ட்டி" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மே 14, செவ்வாய்

மேலாளர் நேரில் வந்தார். பழக்கூடை கொண்டுவந்தார், திருப்பி அனுப்பினேன். புதிய கூலர் ஒன்று வைத்திருக்கிறார்கள். இடது சுடு, நடு சாதா, வலது குளிர். மூன்று முறை சரிபார்த்தேன்.

"அந்தாளு ஆஃப் பண்ணேன்னுதான் மேடம் சாதிக்கிறான். சுவிட்ச் தானாவா ஆன் ஆகும்? உங்களை மாதிரி ஒருத்தங்க சொல்றப்ப நாங்க யாரை நம்புறது? வேலையை விட்டு நிறுத்தியாச்சு."

நான் வேலையை விட்டு நீக்கச் சொல்லவில்லை. தக்க நடவடிக்கை என்றுதான் எழுதியிருந்தேன்.

மே 15, புதன்

ராயப்பன் வந்தார். வெளிவாசலைத் திறக்காமல் இந்தப் பக்கம் நின்றே பேசினேன்.

"புள்ளைக்கு எப்படி இருக்கும்மா?"

பரவாயில்லை என்றேன்.

"நான் ஆஃப் பண்ணிட்டுத்தானம்மா போனேன். உங்ககிட்ட சொல்லவும் செஞ்சேன். குழாயைப் பத்தியும் சொல்ல வந்தேன், நீங்க தெரியும்னு சொல்லிட்டீங்க. ஒரு வார்த்தை ஆபீசுல சொல்லுங்கம்மா. பத்தொம்பது வருசம் அங்க இருந்திருக்கேன்."

எனக்கு நினைவில்லை என்றேன்.

"சரிங்கம்மா" என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார், ஏறவில்லை.

நினைவில்லை என்பது பொய் அல்ல. அன்று நடந்தவற்றில் பல எனக்கு நினைவில்லை.

மே 18, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாரிடம் சொன்ன பாவங்கள்: கோபம், பொறுமையின்மை, வெள்ளிக்கிழமை ஒருசந்தி தவறியது. பரிகாரமாக மூன்று அருள் நிறை மந்திரம் செபிக்கச் சொன்னார். பத்து சொன்னேன்.

மே 20, திங்கள்

குழந்தைகள் வந்துவிட்டார்கள். சுகந்தி இன்று இருவரையும் கொண்டுவந்து விட்டாள். மருந்துத் தைலத்தை எப்போது தடவ வேண்டும் என்று சொன்னாள். டே கேர் என்ற சொல்லே வரவில்லை. கடவுளுக்கு நன்றி.

இனியன் லேசாகக் காலை அகட்டி நடக்கிறான். பழைய கலகலப்பு. என் மடியில் ஏறித் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். இழுக்க விட்டேன்.

நிருதான் மாறியிருக்கிறாள். கூலருக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். படம் வரைவதும் அங்கே, சாப்பிடுவதும் அங்கே.

மே 22, புதன்

நிரு கழிவறைக்குப் போகாமல் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். பாவாடை நனைந்துவிட்டது. ஆறு வயதுப் பெண். ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"நான் போறப்ப இனியன் தண்ணி கேட்டா?"

"கேட்டால் நான் கொடுப்பேன்."

துணி மாற்றிவிட்டேன். உன் அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், அசிங்கம் என்றேன்.

மே 24, வெள்ளி

காலையில் குளிர்நீர்க் குழாயில் ஏதோ கைக்கு உறுத்தியது. நிருவின் தலை நாடா. மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டிருக்கிறாள்.

"இது என்ன?"

"சும்மா ஆன்ட்டி. அழகுக்கு."

"நாடாவை யாராவது குழாயில் கட்டுவார்களா?"

"தொட்டுப் பாத்தா தெரியும்ல" என்றாள், மெதுவாக.

அவிழ்த்து எறிந்தேன். என் வீட்டில் எனக்கு அடையாளம் தேவையில்லை என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. இனியன் அழுதான். அவள் அழவில்லை. நாடாவைத் தேடி எடுத்து, நீவிச் சுருட்டி, பையில் வைத்துக்கொண்டாள்.

ஜூன் 1, சனி

சுகந்தி இன்று விடுமுறை போட்டிருந்தாள். குழந்தைகளை அவர்கள் அப்பாவோடு கடைக்கு அனுப்பிவிட்டுத் தனியாக வந்தாள். நான் காபி போடப் போனேன். "நான் போடறேன் ஆன்ட்டி" என்று கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். போட்டுக் கொடுத்து, எதிரே உட்கார்ந்தாள்.

"வீட்டைக் காலி பண்றோம் ஆன்ட்டி. பாங்க் பக்கத்துல பாத்திருக்கோம்."

பள்ளிக்கு அருகில் என்பதாலா என்று கேட்டேன். அப்படி ஒரு காரணத்தை நானே அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"நிரு அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டா. 'ஆன்ட்டிக்கு கலர் தெரியாதும்மா, நான்தான் சொல்வேன், நான் மாடிக்குப் போயிட்டேன்'னு. ஒரு வருஷமா எனக்கே கொஞ்சம் கொஞ்சமாத் தெரியும். படி இறங்கறப்ப எண்ணிக்கிட்டே இறங்குவீங்க. எனக்கும் வேற வழி இல்ல, உங்களை மாதிரி யாரு பாத்துப்பாங்கன்னு விட்டுட்டேன். தப்பு என்மேலயும்தான்."

கடிதத்தைப் படித்தபோதே உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"எப்படி சொல்றது ஆன்ட்டி? நீங்க பொய் சொல்றீங்கன்னு உங்க மூஞ்சியைப் பாத்து நான் சொல்லணுமா?" சற்று நேரம் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "அந்தாளுக்கு வேலை போகும்னு நான் நினைக்கலை."

அப்படியானால் குழந்தைகளை ஏன் திரும்ப அனுப்பினாய் என்றேன். அதை நான் கேட்டிருக்க வேண்டாம்.

"வேற இடம் கிடைக்கணுமே. பத்து நாளுன்னு பாத்தேன். இனியனுக்குப் புண்ணு ஆறிடும் ஆன்ட்டி. நிருதான். தூக்கத்துல நீலம் நீலம்னு சொல்றா. தம்பியைச் சுட்டது தான்தான்னு நினைச்சுக்கிட்டிருக்கா. அவளுக்கு ஆறு வயசு. அவ உங்க கண்ணா இருக்க முடியாது."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

காபியில் சர்க்கரை அதிகம்.

ஜூன் 7, வெள்ளி

போய்விட்டார்கள். லாரிக்காரர்கள் மாடிப்படிச் சுவரில் இரண்டு இடத்தில் கீறிவிட்டார்கள். இனியன் டாட்டா சொன்னான். நிரு கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், அம்மா சொல்லி.

நீ எதுவும் தவறு செய்யவில்லை என்று அவளிடம் சொல்ல நினைத்திருந்தேன். வார்த்தைகளைக்கூட அமைத்து வைத்திருந்தேன். "நன்றாகப் படி" என்றேன்.

ஜூன் 8, சனி

நிறுவனத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். அரைப் பக்கம். சுவிட்சைப் போட்டது நான். ராயப்பன் இருமுறை எச்சரித்தார். கேட்காமல் அனுப்பியது நான். என் பார்வை பழுதுபட்டது; அதை மறைத்தேன். அவரை மீண்டும் பணியில் அமர்த்தக் கோருகிறேன். இப்படிக்கு.

இதற்கு முன் இவ்வளவு குறைவாக நான் எந்தக் கடிதமும் எழுதியதில்லை. வரிகள் நேராக இருக்கின்றனவா என்று தெரியவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்ததும் மணியடிக்கும் கோயில் பிள்ளையிடம் விலாசம் கேட்டு, ஆட்டோவில் ராயப்பன் வீட்டுக்குப் போனேன். தபாலில் சேர்க்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்வதுதான் முறை.

அவர் மனைவி கதவைத் திறந்தாள். கையில் மாவு. ஆள் யாரென்று தெரிந்ததும், "நீங்கதானா" என்றாள். "வெளிவாசல் அந்தப் பக்கம் நிக்க வச்சுப் பேசினீங்களாமே. பரவால்ல, உள்ள வாங்க. நாங்க உக்கார வச்சுத்தான் பேசுவோம்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். ராயப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். புள்ளை எப்படி இருக்கு என்றுதான் முதலில் கேட்டார். கடிதத்தை நீட்டினேன்.

"இங்கிலீசு எனக்கு ஓடாதும்மா. நீங்களே படிச்சுச் சொல்லிருங்க."

என் எழுத்தை நானே படிக்க முடியாது என்பதை அந்த வீட்டில், அந்தப் பெண்ணின் முன்னால், வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. பிறகு காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மனப்பாடமாக இருந்ததைத் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. மனைவி இரண்டாம் வரியிலேயே, "கேட்டியா, கேட்டியா" என்றாள். அவர் கையமர்த்தினார்.

"உங்களுக்குச் சரியாத் தெரியலைன்னு எனக்கு மொத நாளே தெரியும்மா. கையெழுத்துப் போடற எடத்தை விரலால தடவிப் பாத்தீங்க. அதான் அன்னைக்கு ரெண்டு தடவை சொன்னேன். உங்க கையைப் பிடிச்சு அந்தக் குழாய்ல வச்சுக் காட்டியிருக்கணும். திட்டுவீங்கன்னு பயந்துட்டேன்."

நாளைக்கே இதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், உங்களைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கொடுக்காதீங்கம்மா" என்றார். "ஹெட் ஆபீசுக்கு ஒரு பேப்பர் வேணும்னு மேனேஜர் கூப்பிட்டாரு. நான்தான் சுவிட்சை அணைக்க மறந்துட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன்."

"செய்யாததை ஏன் எழுதினீர்கள்?"

"பதிலுக்கு அவரு எனக்கு ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தாரு. சொந்த விருப்பத்துல வேலையை விட்டாரு, நல்லா வேலை பாத்தவருன்னு. அதை வச்சுத்தான் இப்ப ஒரு அப்பார்ட்மென்டுல மோட்டார், பம்பு பாக்கற வேலைக்குச் சேந்திருக்கேன். ஒரு வாரம்தான் ஆகுது. நீங்க உண்மையைச் சொன்னா நான் எழுதினது பொய்னு ஆகும். அவரு எழுதினதும் பொய்னு ஆகும். அந்த வேலையும் போயிரும்."

மடியிலிருந்த காகிதத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தேன்.

மனைவி அங்கிருந்தே சொன்னாள், "பதினஞ்சு நாளைக்கு முன்னாடி வந்திருக்கலாம்ல."

"விடு" என்றார் அவர்.

ஆட்டோ வரை வந்து, கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். "இங்க ஒரு படி இருக்கும்மா, உசரம்" என்றார். நான் கையை உதறவில்லை.

கடிதம் அலமாரியில், விக்டரின் இறப்புச் சான்றிதழுக்கு அடியில் இருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

கூலரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லித் தொலைபேசி செய்தேன். என்ன காரணம் மேடம் என்றார்கள். வீட்டில் குழந்தைகள் இல்லை என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

மாடி வீட்டைக் கேட்டுக் கணவனும் மனைவியுமாக இருவர் வந்தார்கள். மரியாதையான குடும்பம். அந்தப் பெண்ணும் ஏதோ கான்வென்டில் படித்தவள். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். வாடகைக்குச் சம்மதித்தார்கள், முன்பணத்துக்கும் சம்மதித்தார்கள்.

குழந்தைகள் உண்டா என்று கேட்டேன்.

"ஒரு பொண்ணு ஆன்ட்டி. நாலு வயசு. கீழ நீங்க இருக்கீங்கன்னு புரோக்கர் சொன்னதுமே எனக்கு நிம்மதியாயிடுச்சு" என்றாள்.

வீடு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.